ஸ்பூல் டேப்பில் மின்னிசை: முதல் மூன்று நிமிடத்தை முடிக்க ஒரு வழிகாட்டி

ஸ்பூல் டேப்பில் (இரண்டு சக்கரங்களுக்கு இடையே ஓடும் பழைய காந்த நாடா) மின்னொலிகளைப் பதிந்து, அந்த டேப்பையே வெட்டி ஒட்டி நான் முடித்த முதல் இசைத் துண்டு 3 நிமிடம் 10 நொடி ஓடும். அதற்கு எனக்கு 14 மாதம் ஆனது. அதில் பத்து மாதத்துக்கு மேல் தப்பான மெஷினோடும் பசை கக்கும் டேப்போடும் போனது. முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் மூன்று மாதத்தில் முடித்திருப்பேன். நீங்கள் அந்த மூன்று மாதத்தில் முடிக்கத்தான் இது.

பாரிஸ், கொலோன், லண்டன், சான் ஃபிரான்சிஸ்கோ என்று இந்த இசையின் கதை பெரிது. அதை வேறு இடத்தில் படித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும். அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரையும் (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் கருவி) டேப் மெஷின்களையும் வைத்து ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். அங்கே கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர் முதலியோர் செய்த பதிவுகள் 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. வேலை தொடங்கும் முன் அதைக் கேளுங்கள். நம் மின்சாரத்திலும் வெயிலிலும் இதைச் செய்து காட்டியவர்கள் என்பதால் எனக்கு அது பெரிய தெம்பு.

1. மெஷின் தேடும் முன் நான்கு கேள்வி

விற்பவர் "சூப்பர் கண்டிஷன் சார்" என்பார். அது போகட்டும். இந்த நான்கையும் கேளுங்கள்.

எத்தனை ஹெட் (டேப் உரசி ஓடும் காந்த முனை)? மூன்று வேண்டும்: அழிக்க ஒன்று, பதிய ஒன்று, கேட்க ஒன்று. இரண்டு ஹெட் மெஷினில் பதிவதையும் கேட்பதையும் ஒரே ஹெட் செய்யும். அதில் எக்கோ வராது, பதியும்போதே டேப்பில் என்ன விழுகிறது என்று கேட்கவும் முடியாது.

எத்தனை வேகம்? நொடிக்கு 9.5 செ.மீ., 19 செ.மீ. என்று இந்த இரண்டு வேகமும் இருக்க வேண்டும். 19இல் பதிந்து 9.5இல் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிக்கும். உங்கள் வேலையில் பாதி இந்த ஒரு பட்டனில் நடக்கும்.

எத்தனை டிராக்? வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் கால் டிராக், அதாவது டேப்பின் அகலத்தில் நான்கு தடம். ஸ்டுடியோ மெஷின்கள் அரை டிராக், இரண்டே தடம். அரை டிராக் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். ஏன் என்பதை 9ஆம் படியில் சொல்கிறேன். நான் அதைக் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கேவலமானது.

நான்காவது கேள்விக்குத் தனித் தலைப்பே வேண்டும்.

2. வோல்ட் சரி, ஹெர்ட்ஸ்?

என் முதல் மெஷின் 100 வோல்ட். "ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா பிரமாதமா ஓடும்" என்றார் விற்றவர். ஓடியது. பதிந்தேன், கேட்டேன், எல்லாம் சரி. இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் தன் மெஷினில் பதிந்த டேப்பைக் கொண்டுவந்து போட்டார். அவர் பிடித்திருந்த சட்ஜம் என் மெஷினில் கீழ் தைவதமாகக் கேட்டது. குரலும் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இருந்தது.

காரணம் இதுதான். நிறைய பழைய மெஷின்களில் டேப்பை இழுக்கும் மோட்டார், மின்சாரத்தின் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை அலை என்பதை) பிடித்துக்கொண்டு சுழலும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மெஷினை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். சுருதி அரைச்சுரம் அரைச்சுரமாக மூன்று படி இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. அதே மெஷினில் பதிந்து அதே மெஷினில் கேட்கும்வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சோதிப்பது எளிது. 5 மீட்டர் 71.5 செ.மீ. டேப்பை அளந்து, இரண்டு முனையிலும் குறி போட்டு, 19 செ.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். சரியான மெஷினில் 30 நொடியில் கடக்கும். 36 நொடி ஆனால் அது 60 ஹெர்ட்ஸ் மெஷின். சில மாடல்களில் பின்பக்கம் 50/60 சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் தண்டு) மேல் மாட்டும் உறையையோ மோட்டார் புல்லியையோ மாற்ற வேண்டும். அந்தச் சின்ன உலோகத் துண்டு கையோடு வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். தனியாகத் தேடினால் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரெவாக்ஸ் ஏ77 போல சர்வோ மோட்டார் (தன் வேகத்தைத் தானே சரிசெய்துகொள்வது) உள்ளவற்றில் இந்தத் தொல்லை கிடையாது, அதற்கேற்ற விலையும் சொல்வார்கள்.

3. பார்த்து வாங்கும் நாள்

நேரில் போங்கள். பேட்டரி டார்ச், பஞ்சுக் குச்சி, உங்கள் சொந்த டேப் ஒன்று, ஹெட்ஃபோன் எடுத்துப் போங்கள். ஹெட் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்டின் முகத்தில் டேப் ஓடிய தடம் லேசாக இருந்தால் பரவாயில்லை. விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். ஹெட்டை மாற்றும் செலவில் இன்னொரு மெஷின் வாங்கிவிடலாம். பிஞ்ச் ரோலர் (டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் உருளை) ரப்பர் கண்ணாடிபோல் மின்னினாலும் விரலில் பிசுபிசுத்தாலும் மாற்ற வேண்டியிருக்கும். அது பெரிய செலவில்லை. பெல்ட்டும் அப்படித்தான்.

பிளே, முன்னோட்டம், பின்னோட்டம், நிறுத்தம் நான்கையும் பத்துப் பத்து முறை போடுங்கள். நிறுத்தும்போது டேப் தொய்ந்து வளையமாக விழுந்தால் பிரேக் தேய்ந்திருக்கிறது. பிறகு இரண்டு சேனலிலும் பதிந்து கேளுங்கள். பிளே மட்டும் காட்டிவிட்டு "ரெக்கார்டிங் எல்லாம் யார் சார் பண்றா இப்ப" என்பவரிடம் வாங்காதீர்கள். பதிவு இல்லாத மெஷின் நமக்கு உதவாது.

எனக்கு ஆன கணக்கு: மெஷின் 16,000 ரூபாய், பெல்ட், ரோலர், கெட்டுப்போன கெபாசிட்டர்கள் மாற்றியதற்கு 4,500, தேடுவதற்கு இரண்டு மாதம், மெக்கானிக்கிடம் மூன்று வாரம். மூன்று வாரம் என்பது அவர் "நாளைக்கு" என்று சொன்ன நாளிலிருந்து.

4. காகிதங்கள்

வெளியூரிலிருந்து பார்சலில் வந்தால், கையால் எழுதியதானாலும் பில் ஒன்று வாங்குங்கள்: மாடல், சீரியல் எண், தொகை, "பயன்படுத்திய பொருள்" என்ற வார்த்தை. லாரி பார்சல் ஆபீசில் இது இல்லாமல் வாங்கமாட்டார்கள். அனுப்பும் முன் மெஷின் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வழியில் உடைந்தால் பேசுவதற்கு அதுதான் ஆதாரம். ஸ்பூல்களைக் கழற்றித் தனியாகவும், ஹெட் மூடிக்குள் ஸ்பஞ்ச் வைத்தும் கட்டச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஏல இணையதளத்தில் மலிவாகத் தெரியும் பழைய மெஷினைப் பார்த்து மயங்க வேண்டாம். பயன்படுத்திய பொருள் இறக்குமதி நம் நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட வகை, அனுமதி கேட்பார்கள். கஸ்டம்ஸில் நின்றால் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

புதிய டேப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. கூரியர்காரர்கள் கேஒய்சி கேட்பார்கள்: ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான், பணம் கட்டிய ரசீது. பில்லில் "புதிய, பதிவு செய்யப்படாத காந்த டேப்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு வந்த முதல் பார்சலில் வெறுமனே "டேப்" என்று இருந்தது. ஒட்டும் டேப்பா, அளக்கும் டேப்பா என்று கேட்டு ஆறு நாள் நிறுத்திவைத்தார்கள். வரியும் கூரியரும் சேர்ந்து பொருள் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. அதை முதலிலேயே பட்ஜெட்டில் வையுங்கள். ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வர 18 நாள்.

5. டேப்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

இதில்தான் நான் அதிகம் பட்டேன். பழைய ஸ்பூல் ஒன்று 200 ரூபாய் என்றதும் இருபது வாங்கினேன். பதினொன்றைக் குப்பையில் போட்டேன்.

1970களிலிருந்து வந்த சில டேப்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். ஆம்பெக்ஸ் 406, 456 இரண்டும் இதற்குப் பேர்போனவை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். ஓட்டும்போது கீச்சென்று கத்தும். ஹெட்டில் பழுப்பு நிறத்தில் அப்பும். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஹெட்டைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு பழுப்பானால் அந்த ஸ்பூலை உடனே இறக்கிவிடுங்கள். இத்தகைய டேப்பை 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்தால் சில வாரத்துக்குச் சரியாகும் என்பது உண்மைதான். ஆனால் அது உள்ளே இருக்கும் பழைய பதிவைக் காப்பாற்றச் செய்யும் வேலை. புதிதாகப் பதிவதற்கு அந்தப் பாடு எதற்கு? சமையலறை அவனில் வைப்பது அதைவிட மோசம், ஸ்பூல் வளைந்துவிடும்.

இன்னொரு வகை அசிடேட். ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேராகப் பக்கவாட்டில் பிடியுங்கள். உள்ளே வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட். இருட்டாக இருந்தால் பாலியஸ்டர். அசிடேட் காய்ந்து பட்டென்று அறுந்துபோகும், வினிகர் வாடை அடிக்கும். வேண்டாம், சூடாக்கவே வேண்டாம்.

புதிய டேப் இன்றும் தயாராகிறது: பிரான்சில் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ், அமெரிக்காவில் ஏடிஆர். வீட்டு மெஷினுக்கு 35 மைக்ரான் மெல்லிய டேப் போதும். 7 அங்குல ஸ்பூலில் 1,800 அடி கொள்ளும், 19 செ.மீ. வேகத்தில் 48 நிமிடம் ஓடும். எனக்கு ஒரு ஸ்பூல் எல்லாச் செலவும் சேர்ந்து 6,000 ரூபாய். இரண்டு வாங்குங்கள்: ஒன்று வெட்ட, ஒன்று முடித்ததைப் பதிய.

6. சுத்தம், காந்தம்

99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் கைச் சுத்திகரிப்பான் உதவாது, அதில் தண்ணீரும் பசையும் இருக்கும். ஹெட், கேப்ஸ்டன், டேப் உரசும் ஒவ்வொரு உலோகத்தையும் உட்காரும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு மட்டும் ஆல்கஹாலுக்குப் பதில் துளி சோப்புத் தண்ணீர்.

ஹெட்டில் ஏறிய காந்தத்தை எடுக்கும் கருவியைக் கடன் வாங்கினாலும் போதும். மெஷினை அணைத்துவிட்டு, டேப்களை வேறு அறையில் வைத்துவிட்டு, கருவியை ஒரு மீட்டர் தள்ளி நின்று போடுங்கள். மெதுவாக அருகே கொண்டுபோய், மெதுவாகவே விலகி வந்து, தள்ளி நின்றுதான் அணைக்க வேண்டும். ஹெட்டின் பக்கத்திலேயே அணைத்தால் இருந்ததைவிட அதிகமாகக் காந்தம் ஏற்றிவிடுவீர்கள்.

7. ஒலிக்கு என்ன செய்வது

லட்ச ரூபாய் மாடுலர் சிந்தசைசர் வாங்கிவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்கார்ந்திருப்பவர்கள் எனக்கே மூன்று பேரைத் தெரியும். பிபிசி ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷயர் 1963இல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் புகழ்பெற்ற முகப்பிசையைச் செய்தபோது அவரிடம் சிந்தசைசரே கிடையாது. சோதனைக்கூட ஆசிலேட்டர் (நிற்காமல் ஒரே சுருதி ஒலிக்கும் மின்சுற்று), மீட்டிய ஒற்றைத் தந்தி, வடிகட்டிய இரைச்சல். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிந்து, அளந்து, வெட்டி ஒட்டினார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் சிடி40106 என்ற ஐசி கேளுங்கள். சில பத்து ரூபாய்தான். ஒரு ஐசியில் ஆறு ஆசிலேட்டர் கட்டலாம்: ஒவ்வொன்றுக்கும் ஒரு கெபாசிட்டர், ஒரு வால்யூம் கன்ட்ரோல், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 9 வோல்ட் பேட்டரி. ப்ரெட்போர்டும் (பற்றவைக்காமல் செருகிக் கட்டும் பலகை) சேர்த்து 400 ரூபாயில் முடித்தேன். கவனிக்க வேண்டியது இரண்டு. பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்களைக் கிரவுண்டில் சேருங்கள். அதிலிருந்து வரும் ஒலியை நேராக மெஷினின் லைன் இன்னில் செருகாதீர்கள். அளவு மிக அதிகம். இடையில் ஒரு கெபாசிட்டர், பிறகு 100 கே, 10 கே ரெசிஸ்டர் இரண்டை வைத்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

கையில் ஏதாவது சின்ன சிந்தசைசர் இருந்தால் அதுவும் நல்லதே. ரெடிமேட் எஃபெக்ட்டுகளை மட்டும் அணைத்துவிட்டு வெறும் ஒலியைப் பதியுங்கள். மீதியை டேப் செய்யட்டும்.

8. வெட்டுதல்

வேண்டியவை: ஸ்ப்ளைசிங் பிளாக் (45 டிகிரி, 90 டிகிரி வெட்டுத்தடம் உள்ள அலுமினியக் கட்டை), புதிய ஒற்றை முனை பிளேடு, மஞ்சள் அல்லது வெள்ளை மெழுகுப் பென்சில், ஸ்ப்ளைசிங் டேப். கடைசியாகச் சொன்னதற்குப் பதில் செலோடேப் ஒட்டாதீர்கள். ஒரு வாரத்தில் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும்.

டேப்பை நிறுத்தி, இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் அசைத்து, ஒலி தொடங்கும் புள்ளியைக் காதால் தேடுங்கள். "ர்ர்ர்வ்" என்று உறுமும். அந்த இடத்தில், பிளேபேக் ஹெட்டுக்கு நேராக, டேப்பின் பின்பக்கத்தில் குறி போடுங்கள். பிளாக்கில் பொருத்தி, ஒரே இழுப்பில் வெட்டுங்கள். இரண்டு முனையையும் இடைவெளி இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, பின்பக்கத்தில் 2 செ.மீ. ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேயுங்கள். வெண்மையாகத் தெரியும் காற்றுக் குமிழி போகும்வரை தேய்க்க வேண்டும். முதல் ஐம்பது வெட்டு கோணலாகத்தான் வரும். காலி டேப்பில் பழகுங்கள்.

45 டிகிரி வெட்டில் ஒரு ஒலி முடிந்து மற்றது தொடங்க 19 செ.மீ. வேகத்தில் 30 மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும், காதுக்கு வழுக்கிக்கொண்டு போகும். தட்டென்று விழ வேண்டிய இடத்தில் 90 டிகிரி.

இனி நேரத்தை ஸ்கேலால் அளப்பீர்கள். ஒரு நொடி 19 செ.மீ., அரை நொடி 9.5, கால் நொடி 4.75. ஓர் அட்சரத்துக்கு ஒரு நொடி வைத்தால் ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் 152 செ.மீ. என் மேசை விளிம்பில் இதைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். துண்டுகளைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் எண்ணும், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அம்புக்குறியும் போடுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் நாற்பது துண்டைத் தரையில் பொறுக்கியவன் சொல்கிறேன்.

9. பின்னோக்கி ஓட்டும்போது வரும் பொறி

ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் ஒலி பின்னோக்கி ஓடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அரை டிராக் ஸ்டீரியோவில் அது உண்மை. இடது வலது மட்டும் மாறும். கால் டிராக்கில் நீங்கள் பதிந்தது 1, 3ஆம் தடங்களில் இருக்கிறது. துண்டைத் திருப்பினால் ஹெட்டுக்கு நேராக வருவது மறுபக்கத்துக்கான 4, 2ஆம் தடங்கள். அங்கே உங்கள் ஒலி இல்லை.

அந்தப் பழைய ஸ்பூல்களில் ஒன்றில் நான் பதிந்து, ஆசையாக ஒரு துண்டைத் திருப்பி ஒட்டி ஓட்டினேன். மின்னொலி போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று இரண்டு நொடி யார் வீட்டுக் கல்யாணமோ, நாதஸ்வரம் நேராக, சுத்தமாக ஒலித்துவிட்டு நின்றது. முன்னாள் உரிமையாளர் பி பக்கத்தில் பதிந்தது. (அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.)

கால் டிராக்கில் ஒலி பின்னோக்கி ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருப்பி, மறுபடி டேப்பில் பதியுங்கள். ஏமாற்று வேலைதான், ஆனாலும் யாரும் கைது செய்யமாட்டார்கள். பழைய டேப்பில் பதிவதாக இருந்தால் முதலில் இரண்டு பக்கத்தையும் அழித்துக்கொள்ளுங்கள்.

10. லூப், இரட்டை மெஷின்

லூப்புக்குத் துண்டின் இரு முனையையும் சேர்த்து ஒட்டி, ஹெட் வழியாக ஓட்டி, மெஷினுக்கு வெளியே ஏதாவது வழவழப்பான உருளையைச் சுற்றி வரவிடுங்கள். கண்ணாடி பாட்டில் நல்லது. டேப் இறுக்கமாக இல்லாவிட்டால் தானாக நிற்கும் சுவிட்ச் மெஷினை அணைத்துவிடும்; அந்தச் சுவிட்சின் கையை ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். பாட்டிலை மில்லி மீட்டர் மில்லி மீட்டராக நகர்த்தி, ஒலி ஆடாமல் நிற்கும் இறுக்கத்தைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவது மெஷின் கடன் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். முதல் மெஷினில் காலி டேப் ஸ்பூல், இரண்டாவதில் வாங்கும் ஸ்பூல், ஒரே டேப் இரண்டின் வழியாகவும் ஓட வேண்டும். முதலாவது பதியும், இரண்டாவது பாடும். அது பாடுவதை மிக்சர் வழியாக முதலாவதுக்கே திருப்பி அனுப்புங்கள். ஹெட்டுக்கு ஹெட் 2 மீட்டர் தூரம் என்றால் எக்கோ பத்தரை நொடி கழித்து வரும். 1960களில் டெர்ரி ரைலி, பாலின் ஒலிவெரோஸ் இருவரும் இந்த முறையில் நிறையச் செய்தார்கள். திருப்பி அனுப்பும் அளவை மிக்சரில் கால் பங்கில் தொடங்கி, மெல்ல ஏற்றுங்கள். ஒரு புள்ளியைத் தாண்டியதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி பெருகிக்கொண்டே போகும். பத்தரை நொடி தாமதம் என்பதால் நீங்கள் குறைக்கும்போது ஏற்கெனவே ஒரு சுற்று டேப்பில் ஏறியிருக்கும். ஸ்பீக்கரைக் குறைத்து வைத்துச் செய்யுங்கள், ஹெட்ஃபோன் வேண்டாம்.

நகலிலிருந்து நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும். மூன்று தலைமுறைக்கு மேல் போகாமல் திட்டமிடுங்கள்.

11. முடித்ததும்

ஒட்டுக்களோடு இருக்கும் ஸ்பூலை இரண்டாவது புதிய ஸ்பூலில் ஒரே ஓட்டமாகப் பதியுங்கள். அதே நாளில் கம்ப்யூட்டரிலும் 24 பிட், 96 கிலோ ஹெர்ட்ஸில் ஏற்றிவிடுங்கள். எனக்கு இந்தக் கட்டம் மூன்று சனி ஞாயிறு எடுத்தது, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏதோ ஓர் ஒட்டு பிரிந்ததால்.

வைக்கும்போது பின்னோட்டம் போட்டு வைக்காதீர்கள். இசை முடிந்த முனை வெளியே இருக்கும்படி, சாதாரண வேகத்தில் சுற்றியபடியே விட்டுவிடுங்கள். சுற்றுக்குச் சுற்று காந்தம் லேசாகப் பதிந்து பேய்க்குரல்போல் கேட்கும். இப்படி வைத்தால் அது பெரும்பாலும் ஒலிக்குப் பின்னால் வந்து மறைந்துகொள்ளும், முன்னால் வந்து காட்டிக்கொடுக்காது. டேப்பை உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று சேர்த்து, நட்டக்குத்தலாக அடுக்குங்கள். ஸ்பீக்கர் மேலோ ஃபிரிட்ஜ் மேலோ வேண்டாம்.

பெட்டியின் மேல் பேனாவால் எழுத வேண்டியவை: தலைப்பு, தேதி, வேகம், டிராக் வகை, டேப்பின் பெயர், "முடிவு முனை வெளியே", பதிந்த மெஷின் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா.